ஒன்றுகூடலுக்குப் பின்: இடாப்பில் எஞ்சிய பெயர்கள்

சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் விடுமுறை ஆகிய காலங்களில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களிலே பழைய மாணவர் ஒன்றுகூடல்கள் நடைபெறுவது வழமையாகிவிட்டது. கொழும்பில் தொழில் புரிவோர், ஆசிரியர்களாய் இருப்போர், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தோர் எனப் பலரும் கூடுகின்றனர். பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்படுகின்றது. பகலுணவு பரிமாறப்படுகின்றது. எல்லோரும் வரிசையாய் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். "இனிமேல் விட்டுப் பிரியக் கூடாது" என்று உறுதி கூறி, தொலைபேசி இலக்கங்களையும் பரிமாறிக்கொள்கின்றனர்.

ஆனால் மூன்று மாதங்களின் பின் நிலைமை என்ன? கைபேசிக் குழுவிலே காலை வணக்கப் படங்களும் பண்டிகை வாழ்த்துகளும் மட்டுமே வந்து சேர்கின்றன. ஆறு மாதங்களில் அவையும் ஓய்ந்துவிடுகின்றன. அடுத்த ஒன்றுகூடல் பத்து ஆண்டுகளுக்குப் பின் நடக்கலாம், நடக்காமலும் விடலாம்.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? தொடர்பைப் பேணுவதற்கு நாம் என்ன செய்யலாம்? அதனால் மலையக மக்களாகிய நமக்கு விளையும் பயன் என்ன? கிராம, தோட்ட மட்டங்களில் இயங்கும் சிறு குழுக்கள் கூடிச் சிந்திப்பதற்காக இப்பாடம் தரப்படுகின்றது.

1. யாருடைய ஒன்றுகூடல்?

முதலிலே ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தோட்டப் பாடசாலையின் முதலாம் வகுப்பு இடாப்பில் 40 பெயர்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டி நகரப் பாடசாலைக்குச் சென்றவர்கள் 15 பேர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 8 பேர். உயர்தரம் படித்தவர்கள் 3 பேர். இருபத்தைந்து ஆண்டுகளின் பின் நகர மண்டபத்தில் ஒன்றுகூடலுக்கு வருவோர் யார்? பெரும்பாலும் அந்த எட்டுப் பேரும் அவர்களோடு நகரப் பாடசாலையில் படித்தவர்களுமே. மற்றைய 32 பேரும் அதே பலகையில் அமர்ந்து அதே சிலேற்றில் எழுதியவர்கள்தாம். ஆயினும் அவர்களுக்கு அழைப்பு செல்வதில்லை. அவர்களும் தங்களைப் "பழைய மாணவர்" என்று எண்ணிக்கொள்வதில்லை.

இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன கணக்கு. எனினும் இதன் பின்னால் உண்மையான வரலாறு உள்ளது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. பத்து வயதுக்குப் பின் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று எவரும் கேட்கவில்லை. 1945இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே அவற்றின் அமைப்பு. 1970களிலேதான் அவை அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்கள் எழுந்தன. தோட்ட இளைஞர்கள் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஜேர்மன் உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. இன்று ஒன்றுகூடல்களை முன்னின்று நடத்துவோரில் பலர் இந்த வாயிலாக வந்தவர்களே.

ஆகவே மலையகத்தில் "பழைய மாணவர்" என்ற பெயரே ஒரு வடிகட்டியாக இருந்து வந்துள்ளது. தொடர்பைப் பேணுதல் என்பது மண்டபத்துக்கு வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பது மட்டுமன்று. வராதவர்களைத் தேடுவதும் அதிலே அடங்கும்.

2. பிரிவுக்கான காரணங்கள்

எந்த நாட்டிலும் பாடசாலை நண்பர்கள் காலப்போக்கில் பிரிவது இயல்பு. மலையகத்திலோ இயல்பான காரணங்களுக்கு மேலாக நான்கு காரணங்கள் உள்ளன.

(அ) சட்டம் பிரித்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர 1974இல் முடிவாயிற்று. இது வெறும் எண்களின் பங்கீடு அன்று. ஒரே வகுப்பில் படித்த இருவரில் ஒருவரின் தகப்பனார் இந்தியக் கடவுச்சீட்டுக்கும் மற்றவரின் தகப்பனார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கும் விண்ணப்பித்திருந்தால், அவ்வகுப்பும் இரண்டாகப் பிளந்தது. புறப்பட்டவர்கள் ரயிலில் தலைமன்னாருக்குச் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்தை அடைந்தனர். வழியனுப்பியோரின் அழுகையால் அந்த ரயிலுக்கு "ஒப்பாரிக் கோச்சி" என்றே பெயர் வந்தது. 1984இல் அந்தக் கப்பற் போக்குவரத்தும் நின்று போனது. சென்றவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆகிய இடங்களில் மீண்டும் தேயிலைத் தோட்டங்களிலேயே குடியேறினர். அவர்களுள் நம் இடாப்பிலுள்ள பெயர்களும் உண்டு.

(ஆ) வறுமை பிரித்தது. தாய் கொழுந்து பறிக்கப் போனால் தம்பி தங்கையைப் பார்ப்பதற்கு மூத்த பெண்பிள்ளை வீட்டில் நின்றுவிட்டாள். பதினான்கு, பதினைந்து வயதில் ஆண்பிள்ளை கொழும்புக் கடைக்கு அனுப்பப்பட்டான். இவர்கள் விடுகைப் பத்திரம்கூடப் பெறவில்லை. பாடசாலையிலிருந்து "விலகினார்கள்" என்பதைவிட, ஒருநாள் வராமல் விட்டார்கள், பிறகு வரவேயில்லை என்பதே சரி.

(இ) முகவரி இல்லாமை பிரித்தது. நகரத்திலே ஒரு வீட்டுக்கு இலக்கமும் தெருப்பெயரும் உண்டு. லயத்துக்கோ பல தோட்டங்களில் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்கும் டிவிசனின் பெயருக்கும் கடிதம் வரும். அது தோட்ட அலுவலகத்தில் இறங்கி, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்தால் அது வேறு வீட்டுக்கும் போகும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேர்வு முடிந்த பின் கிடைத்து வாய்ப்பை இழந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். வேலைக்கான கடிதத்துக்கே இக்கதி என்றால், நண்பரின் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

(ஈ) கூச்சம் பிரிக்கின்றது. இதுவே இன்றும் தொடரும் காரணம். ஒரே பலகையில் இருந்து படித்தவர்களில் ஒருவர் ஆசிரியை. மற்றவர் கொழுந்து பறிப்பவர். பாதையிலே சந்திக்கும்போது பழைய தோழி "வாடி, எப்படி இருக்கிற?" என்று கேட்பதில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு "வணக்கம் டீச்சர்" என்கிறாள். டீச்சரும் தலையசைத்துவிட்டுச் செல்கிறார். இருவரில் எவரும் கெட்டவர் அல்லர். ஆனால் இருவரிடையே ஒரு மதில் எழுந்துவிட்டது. ஒன்றுகூடலுக்கு நல்ல சேலை வேண்டும், ஆயிரக்கணக்கில் பணம் கட்ட வேண்டும், பிள்ளைகள் என்ன படிக்கின்றார்கள் என்று கேட்பார்கள் என்றெல்லாம் அஞ்சியே பலர் வராமல் விடுகின்றனர்.

சட்டம் எழுப்பிய மதிலை நாம் தனியாக இடித்திருக்க முடியாது. அதற்கு 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் தேவைப்பட்டன. ஆனால் கூச்சம் எழுப்பிய மதிலை இடிப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

3. நம் மண்ணிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் 1960களில் ஆசிரியராயிருந்து பின்னர் அதிபராகவும் பணியாற்றியவர் இர. சிவலிங்கம். பாடப்புத்தகத்தோடு நின்றுவிடாது, மலையக மக்களின் நிலையைப் பற்றியும் மாணவர்களைச் சிந்திக்கத் தூண்டியவர் அவர். அக்காலத்தில் அக்கல்லூரியைச் சூழ்ந்து உருவான இளைஞர்களில் பலர் பின்னர் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் சமூகப் பணியாளர்களாகவும் விளங்கினர்.

பிற்காலத்தில் அவர் தமிழ்நாட்டுக்குச் சென்று, நீலகிரியில் தாயகம் திரும்பிய மலையக மக்களிடையே பணியாற்றினார். இங்கு கற்பித்த ஆசிரியர் அங்கே சென்றும் அதே மக்களைத் தேடிப் போனார் என்பது நாம் கவனிக்க வேண்டியது. 1999இல் அவர் மறைந்த பின், அவரிடம் படித்தவர்களும் நண்பர்களும் தொடர்பை விட்டுவிடவில்லை. அவர் பெயரால் நினைவுப் பேருரைகளை நடத்தினர். கல்வி, வரலாறு, உரிமை என மலையகத்தின் கேள்விகள் அந்த மேடையில் பேசப்பட்டன.

இதிலே நமக்கொரு பாடம் உண்டு. பழைய நாட்களின் இனிமையை மட்டும் பேசும் கூட்டம் சில ஆண்டுகளில் களைத்துவிடும். எல்லோருக்கும் பொதுவான ஒரு பணியும் அதற்கென ஒரு தவணையும் இருந்தால் தொடர்பு நிலைக்கும்.

4. தொடர்பினால் வரும் பயன்

"சாப்பாட்டுக்கே கஷ்டம், இதில் பழைய நண்பர்களைத் தேடி என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அதற்குரிய பதிலை ஆராய்ந்து பார்ப்போம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களிடம், "அந்தச் செய்தியைச் சொன்னவரை அக்காலத்தில் எத்தனை முறை சந்தித்து வந்தீர்கள்?" என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்தித்தவர் என்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் மட்டுமே. இடைக்கிடை சந்தித்தவர் என்றோர் 55 பேருக்கு மேல். மிக அரிதாகச் சந்தித்தவர் என்றோர் ஏறத்தாழ 28 பேர். காரணம் எளிது. நம்மோடு ஒரே லயத்தில் இருப்பவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. வேறு ஊரில், வேறு தொழிலில் இருப்பவருக்கே நாம் அறியாத செய்தி தெரியும். பிரிந்து போன வகுப்புத் தோழர் இப்படிப்பட்டவர். வர்த்தமானியில் வந்த வெற்றிடம், தாதியர் பயிற்சிக்கான விண்ணப்ப முடிவுத் திகதி, தொழிற்பயிற்சி நிலையத்தின் அனுமதி ஆகியவற்றை லயத்துக்குக் கொண்டுவரக்கூடியவர் அவரே.

இன்னுமோர் ஆய்வு ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கியது. 268 மாணவர்களின் வாழ்க்கையை அது இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்தது. பிற்காலத்தில் பாஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். நல்ல உறவுகளைப் பேணியவர்களே முதுமையில் கூடுதல் உடல்நலத்தோடும் மனநிறைவோடும் இருந்தனர் என்பது அதன் முக்கிய முடிவு. ஆகவே நட்பு என்பது வசதி உள்ளவரின் பொழுதுபோக்கு அன்று.

நமது சூழலில் இதைவிட நேரடியான பயன்களும் உள்ளன. தோட்டத்திலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு அந்நகரில் ஓர் அறிந்த முகம் கிடைக்கின்றது. சிங்களத்தில் வரும் படிவத்தை நிரப்ப ஒருவர் கிடைக்கின்றார். ஊழியர் சேமலாப நிதியைப் பெறும்போது பெயர்ப் பிழையைத் திருத்தும் வழி தெரிகின்றது. இந்தியாவுக்குச் சென்ற தோழருக்கு இங்குள்ள பிறப்புச் சான்றிதழின் பிரதி தேவைப்பட்டால், கச்சேரிக்குச் சென்று விசாரிக்க ஓர் ஆள் இருக்கின்றார். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. யார் எங்கே இருக்கின்றார் என்பது தெரிந்தால் போதும்.

5. செய்ய வேண்டியவை

(1) இடாப்பிலிருந்து தொடங்குங்கள். அதிபரின் அனுமதியுடன் உங்கள் ஆண்டின் சேர்வு இடாப்பைப் பார்த்து எல்லாப் பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் நாம் விரும்பியவர்களின் பெயர்களே வரும். இடாப்பு எவரையும் மறப்பதில்லை.

(2) தேடும் பொறுப்பைப் பிரியுங்கள். ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒருவர் என நியமியுங்கள். பெண்கள் திருமணமாகி வேறு தோட்டங்களுக்குச் சென்றிருப்பர். அவர்களைத் தாய்வீட்டின் வழியாகத் தேட வேண்டும். பெண்களைத் தேடும் பொறுப்பைப் பெண்களிடமே கொடுங்கள்.

(3) தொலைபேசி இலக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். கைபேசி இலக்கங்கள் அடிக்கடி மாறும். ஒவ்வொருவரின் தோட்டம், டிவிசன், லயம், அடையாளம் சொல்லக்கூடிய பக்கத்துக் கடை அல்லது கோயில், உறவினர் ஒருவரின் இலக்கம் ஆகியவற்றையும் கொப்பியில் குறியுங்கள். பிரதியொன்றை வேறொருவர் வைத்திருக்கட்டும்.

(4) எல்லோரும் வரக்கூடிய இடத்தையும் நாளையும் தெரிவுசெய்யுங்கள். வேலை நாளில் வைத்தால் தோட்டத்தில் வேலை செய்பவர் அன்றைய பேரை இழப்பார். ஞாயிற்றுக்கிழமை நல்லது. ஹோட்டலைவிடப் பழைய பாடசாலை மண்டபமே சிறந்தது. தேநீரும் ரொட்டியும் போதும். ஆண்டுக்கு இரண்டு நாட்களை நிலையாகக் குறித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் அழைப்பிதழ் அச்சிடத் தேவையில்லை.

(5) முதலிலே பணம் சேர்க்காதீர்கள். நிதி தேவைப்பட்டால் மிகக் குறைந்த வருமானம் உடையவர் கொடுக்கக்கூடிய தொகையே எல்லோருக்கும் சந்தாவாக இருக்கட்டும். இருவரின் கையொப்பத்துடன் இயங்கும் வங்கிக் கணக்கில் அதை இடுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவை வாசியுங்கள். மேலதிகமாகக் கொடுக்க விரும்புவோரின் பெயரை மேடையில் அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் கொடுக்க இயலாதவர் அடுத்த முறை வரமாட்டார்.

(6) இன்பத்திலும் துன்பத்திலும் அறிவியுங்கள். நமது தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. ஒரு சாவு வீட்டிலே யார் வந்து நின்றார் என்பதை நம் மக்கள் மறப்பதில்லை. தோழரின் வீட்டில் மரணமோ நோயோ நேர்ந்தால் அன்றே செய்தி சொல்லுங்கள். வகுப்பின் சார்பில் இருவராவது போங்கள்.

(7) தொழிற்சங்கப் போட்டியையும் தேர்தல் பிரசாரத்தையும் வெளியிலே வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தமது சங்கம் இருக்கலாம். வகுப்பு எல்லோருக்கும் பொதுவானது. மதுபானத்துக்கும் இதே விதி பொருந்தும். குடி தொடங்கும் இடத்தில் பெண்கள் தொடர்ந்து வருவதில்லை.

(8) வர விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். சிலருக்குத் தம் கடன், குடும்பப் பிரச்சினை ஆகியவை வெளிவருவதில் விருப்பம் இராது. அவரது பெயரைக் கொப்பியில் வைத்திருங்கள். கதவைத் திறந்தே வையுங்கள். அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதிருங்கள்.

6. இன்றைய இடாப்பு

இறுதியாக ஒரு கருத்து. விடுபட்ட தோழர்களைத் தேடிச் செல்லும்போது, அவர்கள் ஏன் படிப்பை விட்டார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்போம். தம்பியைப் பார்க்க வீட்டில் நின்றேன், பாடசாலை வெகு தூரம், சப்பாத்து இல்லை, வாத்தியார் அடித்தார், வீட்டில் குடி என்று பல காரணங்கள் வரும். அக்காரணங்களை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதுங்கள். பின்னர் அதே பாடசாலைக்குச் சென்று, இவ்வாண்டில் இரண்டு வாரங்களுக்கு மேல் வராத பிள்ளைகள் யார் என்று வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய அதே காரணங்களில் சில இன்றும் அங்கே இருக்கக் காண்பீர்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்று பேசுவதற்கு மிகவும் தகுதியுடையவர் யார்? ஆசிரியராய் உயர்ந்த தோழர் போனால், பெற்றோர் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடலாம். அதே வயதில் படிப்பை விட்டு, அதன் விலையை வாழ்நாள் முழுவதும் கொடுத்து வரும் தோழியும் அவரோடு கூடப் போனால் நிலைமை வேறு. "நானும் இப்படித்தான் நின்னேன். உங்க பிள்ளைய அனுப்புங்க அக்கா" என்று அவர் சொல்லும் சொல்லுக்குக் கனம் உண்டு. அங்கே டீச்சரும் கொழுந்து பறிப்பவரும் மீண்டும் ஒரே வகுப்பினர் ஆகின்றனர். உதவி செய்பவர், உதவி பெறுபவர் என்ற பிரிவு அங்கு இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு பெயரை இடாப்பில் நிறுத்தி வைக்கின்றனர்.

ஒன்றுகூடலின் வெற்றியை வந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது வழக்கம். இனிமேல், அதற்குப் பின் வந்த ஓராண்டில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்ட தோழர்கள் எத்தனை பேர், பாடசாலைக்குத் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கணக்கெடுப்போம்.

குழுவாகச் சிந்திக்க

1. உங்கள் முதலாம் வகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேரின் இன்றைய இருப்பிடம் உங்களுக்குத் தெரியும்? தெரியாதவர்களில் ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்?

2. உங்கள் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குச் சென்ற குடும்பங்களோடு இன்றும் தொடர்பு வைத்திருப்பவர் யார்? அவர் மூலம் எவரையெல்லாம் தேடலாம்?

3. கடைசியாக நடந்த ஒன்றுகூடலுக்குத் தோட்டத்தில் வேலை செய்யும் தோழர்கள் எத்தனை பேர் வந்தனர்? வராதவர்களைத் தடுத்தது பணமா, நாளா, கூச்சமா?

4. அடுத்த மூன்று மாதங்களுக்குள் உங்கள் குழு தேடிச் சந்திக்கப் போகும் மூவரின் பெயர்களை இப்போதே எழுதுங்கள். யார் போவார், எந்த ஞாயிறு என்பதையும் அருகிலே குறியுங்கள்.